என் பெயரில் யாரோ வாங்கிய டிக்கெட்: கட்டித் தொலைத்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவில் கேரி ஊரில் இருக்கிறோம். சார்லட் பக்கம் வாங்கிய டிராஃபிக் டிக்கெட்டுக்கு (போக்குவரத்து விதிமீறலுக்குப் போலீஸ் தரும் சீட்டு) நான் கோர்ட்டுக்கு வரவில்லையாம், அதனால் லைசென்ஸ் ரத்தாகும் என்று டிஎம்வியிலிருந்து (லைசென்ஸ் தரும் மாநில அலுவலகம்) கடிதம் வந்திருக்கிறது. அந்தத் தேதியில் நான் சென்னையில் இருந்தேன்! பழைய ரூம்மேட் மேல்தான் சந்தேகம். அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்கிறார் மனைவி. செய்யலாமா?

பதில்: கட்டாதீர்கள். அங்கே டிக்கெட் பணத்தைக் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். அப்புறம் அது நானில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? இன்சூரன்ஸும் ஏறலாம்.

லைசென்ஸ் கையில் இல்லை என்று சொல்லி உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பித்தாலே போலீஸ்காரர் கம்ப்யூட்டரில் உங்கள் பதிவு வந்துவிடும், கூடத் தங்கியவருக்கு இது இரண்டும் தெரியாமலா இருக்கும்? (என் பெயரில் யாரும் கடன் வாங்க முடியாதபடி கிரெடிட் ஃப்ரீஸ் போட்டிருக்கிறேனே என்பீர்கள், அது இதைத் தடுக்காது.)

கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அனுப்பிய 60-வது நாளில்தான் ரத்து அமலுக்கு வரும். அந்த மாநிலச் சட்டம் 20-24.1, 'வழக்கில் இருக்கும் ஆள் நானில்லை' என்று கோர்ட்டில் காட்டுவதையும் ஒரு வழியாக வைத்திருக்கிறது. கெடுவுக்குள் காட்டி, கோர்ட் அதை டிஎம்விக்குத் தெரிவித்துவிட்டால் ரத்து உத்தரவையே பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள், லைசென்ஸைத் திரும்பப் பெறும் கட்டணமும் இல்லை. ஆகவே டிஎம்வி கவுன்டரில் நின்று சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, டிக்கெட் கொடுத்த கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

முதலில் கோர்ட் கிளார்க்கிடம் டிக்கெட் நகலை வாங்குங்கள், எந்த வண்டி என்று அதில் இருக்கும். அது ரூம்மேட்டின் வண்டி நம்பராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாஸ்போர்ட்டில் சென்னை ஏர்போர்ட் முத்திரை இருக்கும் பக்கம், போர்டிங் பாஸ், உள்ளூர் போலீஸில் கொடுத்த புகார், எஃப்டிசி (மத்திய வர்த்தக ஆணையம்) தளத்தில் பதிவு செய்த அடையாளத் திருட்டு அறிக்கை, எல்லாவற்றையும் சேர்த்து அரசு வக்கீலிடம் காட்டுங்கள். போலீஸ் கேமரா வீடியோ இருக்கிறதா என்றும் கேளுங்கள், முகம் பொய் சொல்லாது. ரூம்மேட் மேல் உள்ள சந்தேகத்தைப் போலீஸிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்.

60 நாள் ஏற்கெனவே தாண்டிவிட்டதா? அப்படியானால் கோர்ட் தெரிவித்து லைசென்ஸ் திரும்பும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். ரத்தான லைசென்ஸோடு ஓட்டி மாட்டினால் அந்த வழக்கு நிஜமாகவே உங்களுடையது. கொஞ்ச நாள் மனைவி ஓட்டட்டும்.