"அருமை" மட்டும் போதவில்லை என்றால்

நீங்கள் எடுத்த 12 புகைப்படங்களை ஒருசேரப் பகிர்ந்தும் "அருமை" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அத்தனையையும் பார்ப்பவர் எதைப் பற்றித்தான் பேசுவார்? ஒன்றை மட்டும் காட்டி, அதில் உங்களை உறுத்துவதைச் சொல்லிக் கருத்துக் கேளுங்கள்.

அவற்றில் அந்த மீன்கொத்திப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 200 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/60 நொடி என்கிறீர்கள். கையில் பிடித்து எடுக்க, நடுக்கம் தவிர்க்கும் வசதி இல்லாத லென்ஸுக்குக் குறைந்தது 1/200 நொடி வேகம் வேண்டும். பறவை அசைந்தால் இன்னும் வேகமாக. கிளையும் சேர்ந்தே கலங்கியிருப்பதால் இது பறவையின் அசைவல்ல, கை நடுக்கம் என்றே நினைக்கிறேன். வேகத்தைக் கூட்டினால் ஒளி குறையும்; அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, தயங்காமல் உயர்த்துங்கள். அதனால் படத்தில் மணல்போல் புள்ளிகள் தெரிந்தால் தெரியட்டும்.

பின்னணிப் பச்சை, பொறாமையோடு சொல்கிறேன், பிரமாதம். அடுத்தவர் படத்துக்கும் நீங்கள் இப்படி நான்கு வரி எழுதுங்கள், உங்களுக்கும் எழுதுவார்கள்.