குதிரையும் நீங்களும்: கேள்வி – பதில்

கேள்வி: ஓசூர் அருகே ஒரு பள்ளியில் இரண்டு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். வயது 34. வரும் மாதம் பெங்களூரில் 60 செ.மீ. ஜம்பிங் (தடை தாண்டும்) போட்டி. போட்டிக்கு முன் குதிரையைத் தயார்படுத்தும் வார்ம்-அப் மைதானத்திலேயே கை நடுங்குகிறது. தைரியம் வரட்டும் என்று பதினைந்து தடவை தாண்டிவிடுகிறேன். உள்ளே போனதும் குதிரை இரண்டாவது தடையிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: அந்தப் பதினைந்துதான் காரணம் என்று நினைக்கிறோம். உள்ளே எட்டுப் பத்துத் தடைகள் காத்திருக்கின்றன. குதிரை தன் பலத்தை வெளியிலேயே செலவழித்துவிடுகிறது. ஆறிலிருந்து எட்டு தாண்டல் போதும்.

நேரத்தைக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். பதினைந்து பேர் இருக்கும்போது ஏறுங்கள். முதல் பத்து நிமிடம் நீளமான கடிவாளத்தில் நடை மட்டும். ஐந்து நிமிடம் நடந்தபின் வயிற்று வாரை ஒரு துளை இறுக்குங்கள். சேணம் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு, அப்போது இறுக்கிய வார் பிறகு தளர்ந்து சேணம் சரியும். அங்கவடி (கால் வைக்கும் வளையம்) தொங்கும் வாரை இரண்டு துளை குட்டையாக்குவதும் இப்போதே.

அடுத்து டிராட் (துள்ளு நடை), இடம் வலம் இரு திசையிலும் மூன்று மூன்று நிமிடம், பெரிய வட்டங்களாக. பின்பு கேண்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்). இதில் இரண்டு தடவை இருக்கையிலிருந்து எழுந்து, எடையைக் குதிகாலில் இறக்கிச் சுற்றுங்கள். பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சு நின்றால் இடுப்பு விறைக்கும், முழங்கால் கவ்வும். அதைக் குதிரை ‘ஓடு’ என்று புரிந்துகொள்ளும். அதனால் கேண்டரில் ஒவ்வொரு எட்டையும் (குதிரை எடுத்துவைக்கும் அடி) வாய்விட்டு எண்ணுங்கள். பாட்டும் பாடலாம். வாய் பேசும்போது மூச்சைப் பிடித்துவைக்க முடியாது.

ஏழு பேர் பாக்கி இருக்கும்போது தாண்டத் தொடங்குங்கள். நடுவில் 40 செ.மீ. உயரமுள்ள குறுக்குக் கம்பு (X போல வைத்த இரண்டு கம்புகள்); அதற்கு 8 முதல் 9 அடி முன்னால் தரையில் ஒரு கம்பு. டிராட்டில் இரண்டு முறை. தரைக்கம்பு எழும்பும் இடத்தைக் குதிரைக்கே காட்டிவிடும், நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. பிறகு தரைக்கம்பை எடுத்துவிட்டு, கேண்டரில் 50 செ.மீ. நேர்த்தடை இரண்டு முறை, 60 செ.மீ. ஆக்ஸர் (முன்னும் பின்னும் கம்பு வைத்த அகலத் தடை) இரண்டு முறை. ஆக்ஸரின் முன்கம்பு பின்கம்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். போட்டி உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். சிலர் 70-ல் தாண்டிவிட்டு 60-க்குப் போகச் சொல்வார்கள். பயந்தவருக்கு அது ஆகாது. கம்பு விழுந்தால் உயரத்தைக் குறைத்து ஒரு நல்ல தாண்டலோடு நிறுத்துங்கள். இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது நடைக்கு வந்துவிடுங்கள்.

குதிரை நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தடையைக் குனிந்து பார்த்தால் உங்கள் மார்பு முன்னே சாயும், எடை குதிரையின் முன்னங்காலில் விழும், அதனால் எழும்ப முடியாது. கடைசி மூன்று எட்டில் கடிவாளத்தை இழுத்தாலும் இதே கதை. கண் தடைக்கு அப்பாலுள்ள மரத்திலோ கொடியிலோ இருக்கட்டும். குதிரையின் கழுத்தில் பழைய அங்கவடி வார் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் பிடரியை ஒரு கொத்தாக. வெட்கப்பட ஒன்றுமில்லை, குதிரையின் வாய்தான் பிழைக்கும்.

நடுக்கத்தின் பாதி நெரிசலால் வருவது. எதிரே வருபவரை இடது தோளுக்கு இடது தோளாகக் கடந்து செல்லுங்கள். பயிற்சித் தடையிலும் சிவப்புக் கொடி உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் தாண்டுவது தவறு. தரையிலிருந்து கம்பை ஏற்றி இறக்க ஒருவர் உதவிக்கு இருந்தால் நல்லது. அவர் ஒரு நேரத்தில் ஒரே சொல் சொல்லட்டும், பாடம் நடத்த வேண்டாம்.

கேள்வி: ஓசூர் பக்கத்துத் தளியில் டிசம்பர் காலை ஆறு மணிக்குச் சவாரி. இதே கணக்கா?

பதில்: நடையை மட்டும் இருபது நிமிடமாக்குங்கள், முதுகில் ஒரு போர்வையோடு. 1824-ல் ராணுவக் குதிரைக்காக மத்திகிரியில் பண்ணை போட்ட வட்டாரம் இது. குளிரால் பிரச்சினையில்லை, அவசரத்தால்தான்.

கேள்வி: தர்மபுரியில் ஏப்ரல் வெயில். தாண்டி முடிந்ததும் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். சூட்டோடு குடித்தால் வயிறு பிடிக்கும் என்பது பழைய பயம். தாகம் தீராத குதிரைக்குத்தான் ஆபத்து அதிகம். உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், இடையிடையே நிழலில் நடத்துங்கள். வார்ம்-அப்பை 15 நிமிடமாகக் குறைத்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு விடும் குதிரை, அரை மணி கழிந்தும் இரைத்துக்கொண்டிருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.