காறை எலும்பு முறிந்தவர் எப்போது மறுபடி சைக்கிள் ஓடலாம்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. போட்டிக்காகப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பயிற்சி செய்தபோது மாடு குறுக்கிட, விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டான். வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இது போதுமா? எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டுபவரிடம் போகச் சொல்கிறார்கள். எப்போது ஓடலாம்?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: ஐயா, வெறும் துணிக்கட்டோடு அனுப்பிவிட்டார்களே என்று மனம் வருந்த வேண்டாம். பெரும்பாலான காறை எலும்பு முறிவுகளுக்கு அதுதான் சிகிச்சை. தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பு அது. தோள் நிலத்தில் மோதும்போது அந்த வேகம் மார்பெலும்பை நோக்கிப் பாய்கிறது. காறை எலும்பு பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில் முறிகிறது. போட்டிக்காரருக்கு மட்டும் வரும் காயமல்ல இது. கிரவல் வீதியில் விறகு கட்டிப் போகிறவரும் முன்சில்லு சறுக்கி இப்படியே முறித்துக்கொள்கிறார்.

இழுத்துக் கட்ட எவரையும் விடாதீர்கள். கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் அந்த எலும்பின் அடியில்தான் ஓடுகின்றன. கை விறைத்தாலோ, குளிர்ந்து வெளிறினாலோ, மூச்சு முட்டினாலோ, எலும்பு முனை தோலைக் கூராகத் தள்ளினாலோ உடனே 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள். முனைகள் முழுதாக விலகி, எலும்பு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் குறுகியிருந்தால் சத்திரசிகிச்சை பற்றி எலும்பு முறிவு நிபுணரிடம் கேளுங்கள்.

கட்டு முழங்கையைத் தாங்க வேண்டும். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் சொல்லுங்கள். நம் வெக்கையில் அக்குள் புண்ணாகிவிடும்: உடலை முன்னால் சாய்த்து, கையைத் தளரத் தொங்கவிட்டுத் துடைத்துவிடுங்கள். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே படுக்கட்டும். புகைபிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும்.

வலி இரண்டு, மூன்று வாரங்களில் அடங்கும். அங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். வலி போனாலும் எலும்பு இறுகியிருக்காது. பெரியவர்களுக்கு அதற்கு 6 முதல் 12 வாரங்கள் தேவை. 2024 ஏப்ரலில் காறை எலும்பு முறிந்த டென்மார்க் சைக்கிள் வீரர் ஜோனாஸ் விங்கெகோர் ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றாரே என்று மகன் கேட்கக்கூடும். அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அருகிலேயே மருத்துவக் குழுவும் இருந்தது.

வைத்தியர் சம்மதித்தால், வலி அடங்கியபின் சைக்கிளை அசையாமல் நிறுத்தி வீட்டிலேயே மிதிக்கலாம். வீதிக்குப் போவது, எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டி, கையைத் தலைக்கு மேல் வலியின்றித் தூக்க முடிந்த பிறகுதான். முதலில் காபெற் வீதியில் தனியாக ஓடட்டும். கிரவலும் கூட்டமாக ஓடுவதும் அதற்குப் பின். முறிந்த இடத்தில் சிறு மேடு நிலைத்துவிடலாம். அதனால் கையின் பலம் குறையாது.