தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கும்போது மாநிலத்துக்குத் தனிப் படை எதற்கு? சட்டத்தில் அதற்கு இடம் உண்டா?

இடம் உண்டு, ஆனால் மிகவும் தாமதமாகக் கிடைத்த இடம். ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு, 2005இல் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டம் முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையத்தையும் ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையத்தையும் அமைத்தது. மீட்புப் பணிக்குத் தேவையென்றால் தனியார் வண்டியையும் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ள அதிகாரம் அளித்தது. 44ஆம் பிரிவில் தேசியப் படையையும் உருவாக்கியது. மாநிலப் படைக்கென்று மட்டும் ஒரு பிரிவு இல்லை. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது 44ஏ என்ற எண்ணோடு சேர்ந்தது. அதுவும் மாநில அரசு படையை 'அமைக்கலாம்' என்கிறதே தவிர, 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை.

ஒடிசா இந்தப் பிரிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1999 அக்டோபரில் அடித்த பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த அம்மாநிலம், 2001இலேயே தன் ஆயுதக் காவலர்களிலிருந்து ஆள் எடுத்து விரைவு மீட்புப் படையை நிறுவிவிட்டது. புயல் கரையைக் கடந்ததும் அவர்கள் முதலில் கையில் எடுப்பது மரம் அறுக்கும் இயந்திரத்தைத்தான். சாலையில் விழுந்த மரத்தை அகற்றாமல் ஆம்புலன்ஸும் போகாது, அரிசியும் போகாது.

தனிப் படை எதற்கு என்பதற்குத் தூரமே விடை. தேசியப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். அங்கிருந்து தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டம் சுமார் 600 கிலோமீட்டர். முன்னெச்சரிக்கை வந்தால் குழுக்களை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது போன்ற மழையில் சாலையும் தண்டவாளமும் சேர்ந்தே அறுந்துபோகின்றன. அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலின் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கத்து ஊர் மக்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.டி.ஆர்.எஃப். என்ற அதே சுருக்கப் பெயர் மாநிலப் படைக்கும் உண்டு, மாநிலப் பேரிடர் நிதிக்கும் உண்டு. கோப்புகளில் வருவாய்த் துறைக்காரர்களான நாங்களே குழம்பியிருக்கிறோம். பெரும்பாலான மாநிலங்களில் அந்த நிதிக்கு மத்திய அரசு 75 விழுக்காடு தருகிறது என்றாலும், அது முதன்மையாக நிவாரணப் பணம். படைக்கு மாதச் சம்பளம் மாநிலத்தின் சொந்தப் பையிலிருந்தே வர வேண்டும்.

படை என்பது அரசாணையோடு முடிவதில்லை என்பதை வருவாய்த் துறையில் இருந்தபோது ஒரு வெள்ள இரவில் கண்டேன். வட்ட அலுவலகத்தில் ரப்பர் படகு இருந்தது, மோட்டார் இருந்தது, பெட்ரோலும் இருந்தது. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மீனவர் ஒருவரை வீட்டிலிருந்து எழுப்பி அழைத்துவந்தோம். அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு முன், லிட்டருக்கு இருபது மில்லி என்று மோட்டார் மூடியின் மேலேயே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிவைத்தோம்.