மூன்று நாளில் எத்தனை இடம்?

பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பினாங்கில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாகப் பணிபுரிபவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அடுத்த பள்ளி விடுமுறையில் பெற்றோரையும் தங்கை குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வடக்கே போக நினைக்கிறோம். மொத்தம் எட்டுப் பேர். அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. ஈப்போ, தைப்பிங், பினாங்கு, கெடா எல்லாம் சேர்த்து மூன்று நாள், இரண்டு இரவு, 14 இடங்கள், ஆளுக்கு 399 ரிங்கிட் என்று ஒரு விளம்பரம் வந்தது. மலிவாகத் தெரிகிறது. போகலாமா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த விளம்பரத்தை எடுத்துவைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் அம்மா. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பெரிய பஸ்ஸில் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். கெடாவுக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது வேண்டும். ஆக, பதின்மூன்று மணி நேரம் இருக்கையிலேயே கழிந்துவிடும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருப்பதாக வைத்தால் மூன்று நாளுக்கு முப்பத்தாறு. சாப்பாட்டுக்கு ஒன்பது மணி நேரம் போனால் மிஞ்சுவது பதினான்கு. இடமும் பதினான்கு. நாற்பது பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி, கழிப்பறைக்குப் போய், மறுபடி ஏறி உட்கார எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். ஓரிடத்தில் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. உங்கள் அப்பா படியிறங்கி நிமிர்வதற்குள் வழிகாட்டி கொடியை உயர்த்தி எல்லாரையும் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார்.

விலையைக் குறைக்க நேரத்தைத்தான் வெட்டியிருக்கிறார்கள். அறையும் சாப்பாடும் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நேரத்தைக் குறைத்துவிட்டால் போனதற்கே பொருளில்லை. அதனால் எந்த நிறுவனத்திடமும் எத்தனை இடம் என்று கேட்காதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு நிறுவனம் பாருங்கள்.

எட்டுப் பேர் என்பது நல்ல எண்ணிக்கை. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் மின்ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் பட்டர்வொர்த். மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. டிக்கெட் எடுக்கும்போது மைகாட் அடையாள அட்டை எண்ணைச் சரியாகக் கொடுங்கள். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். படகில் கடலைத் தாண்டி ஜார்ஜ் டவுனில் இறங்கி, அங்கேயே இரண்டு இரவும் தங்குங்கள். ஒரு நாள் காலைக்கு மட்டும் தமிழ் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள். இன்னொரு நாளுக்கு ஓட்டுநரோடு வேன். அந்தச் செலவை எட்டாகப் பிரித்தால் விளம்பரத்து விலையிலிருந்து வெகுதூரம் போகாது.

தமிழ் பேசும் வழிகாட்டி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதன் தொடக்கம் 1801. சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. அதே சுற்றில் சீனர்களின் குவான் யின் கோயில், சற்றுத் தள்ளி செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்த பினாங்கு தெரு. எல்லாமே நடக்கும் தூரம்; வெயில் ஏறினால் ஊருக்குள் ஓடும் இலவச பஸ் இருக்கிறது. இந்த இடங்களை ஆங்கிலத்தில் கேட்கும் பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். தமிழில் கேட்டால் திரும்பப் பேசுவார்கள். நாகூர் தர்கா வாசலில் நான் நாகப்பட்டினத்துக் கப்பல் போக்குவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் வந்த ஒரு பாட்டி, தான் ‘ரஜூலா’ கப்பலில் வந்து இந்தத் துறையில்தான் இறங்கியதாகச் சொன்னார். கையில் என்ன மூட்டை இருந்தது, யார் வந்து அழைத்துப் போனார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளைகள் முதன்முறையாகக் கேட்டார்கள். நான் அதன்பிறகு அடுத்த இடத்துக்கு நகரவே இல்லை. அதற்கு நேரம் வேண்டாமா?

பினாங்கு மலைக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். 1923 முதல் கயிறு இழுக்கும் ரயில் ஓடும் மலை அது. பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நிற்பதிலேயே பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. இன்னொரு முருகன் கோயிலான தண்ணீர்மலைக்கு ஐந்நூறுக்கும் மேல் படிகள். முழங்கால் வலி இருந்தால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிடலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு மடக்கு நாற்காலி எடுத்து வாருங்கள். என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும்.

கேள்வி: மலாக்காவுக்கு ஒரு நாள் போதாதா? – வாசகர், பூச்சோங்

பதில்: போதாது. சிவப்புக் கட்டடங்களின் முன் படம் எடுத்துக்கொண்டு வருவதற்கு ஒரு நாள் போதும். ஓர் இரவு தங்கினால், மறுநாள் கூட்டம் வரும் முன் துக்காங் எமாஸ் தெருவில் நடக்கலாம். 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் கோயில், 1748ஆம் ஆண்டுப் பள்ளிவாசல், சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில் மூன்றும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கிருந்து காஜா பெராங் போங்கள். பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் மலாய் பேசி, சிவனையும் மாரியம்மனையும் வணங்கி வாழும் சிற்றூர் அங்கே இருக்கிறது. வார இறுதியில் ஜோங்கர் தெருச் சந்தைக்காக அறை வாடகை ஏறிவிடும். வார நாளில் போங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்களைக் கெடாவில் இருக்கும் பழைய கடாரம் பார்க்க அழைத்துப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் போய் வந்த சிலர், அங்கே கல் மேடைகளைத் தவிர ஒன்றுமில்லை என்கிறார்கள். உண்மையா? – ஆசிரியை, காஜாங்

பதில்: கல் மேடைகள்தான் டீச்சர். தஞ்சாவூரை எதிர்பார்த்துப் போகும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அதனால் போகும் முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: அங்கே பார்க்கப் போவது அடித்தளங்கள். மேலே இருந்திருக்கக்கூடிய மரமும் கூரையும் காலத்தில் போய்விட்டன. நிற்கும் அடித்தளத்தைக் கொண்டு, போனதை மனத்தில் எழுப்பிப் பார்க்க வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது கடினமே இல்லை. பெரியவர்களுக்குத்தான் கடினம்.

மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்தில் தொடங்குங்கள். அதன் வளாகத்திலேயே புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1930களில் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த கோயில் அது. பின்னர் வரலாற்றாசிரியர் அலஸ்டர் லாம்ப் தலைமையில் அதன் கற்களைச் சேர்த்து மீண்டும் அமைத்தார்கள். ஒரு பக்கம் ஓடை. முதலில் பிள்ளைகள் பத்து நிமிடம் பேசாமல் அந்த மேடையைச் சுற்றி வரட்டும். கருவறை எங்கே இருந்திருக்கும், தூண்கள் எங்கே நின்றிருக்கும் என்று அவர்களே காட்டட்டும். பிறகு நீங்கள் பேசுங்கள். ஜெராய் மலையை அவசியம் காட்டுங்கள். 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து கடலோரத்தில் தனியாக நிற்கும் மலை. வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்குக் கரையை அடையாளம் காட்டியது அதுதான். கடாரம் ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்ற கேள்விக்கு அந்த மலையையும் மெர்போக் ஆற்றையும் விடச் சிறந்த பாடநூல் கிடையாது. அதன்பின் சுங்கை பத்துவுக்குப் போங்கள். அங்கே இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் செங்கல் கட்டுமானங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். இந்தச் சண்டிகள் எல்லாவற்றையும் ராஜேந்திர சோழன் கட்டினான் என்று சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கேட்பதற்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அது சரியல்ல. அவன் படையெடுத்தது 1025இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே பௌத்தர்கள் வாழ்ந்தார்கள். 1834இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது கப்பல் தலைவன், பொறித்தது. அது ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது. போரை மட்டும் சொல்லி நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே ராஜராஜன் கொடுத்தான். செப்பேடு அதைச் சொல்கிறது. தந்தை ஊர் கொடுத்தான், மகன் படை அனுப்பினான். இடையில் என்ன நடந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தக் கேள்வியோடு அவர்கள் வீடு திரும்பினால் அந்தப் பயணத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு காசும் தகும்.

2013இல் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியை நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளினார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க, பட்டர்வொர்த்திலோ சுங்கைப் பட்டாணியிலோ தங்கலாம். இரண்டாம் நாளைப் பினாங்குக்கு ஒதுக்குங்கள். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் தைப்பிங். 1880இல் உருவான ஏரிப் பூங்கா, அதன் கரையில் சாய்ந்து நிற்கும் மழைமரங்கள், 1883இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகம். பிள்ளைகள் ஓடியாட இடமும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்து மலிவான சுற்றுலா நடத்துகிறார். பாதிப் பணம் முன்னதாகத் தர வேண்டுமாம். நம்பலாமா? – வாசகர், கிள்ளான்

பதில்: அவர் நல்லவராகவே இருக்கலாம் ஐயா. ஆனால் நம் நாட்டில் பணம் வாங்கிச் சுற்றுலா நடத்த 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். வழிகாட்டிக்கும் தனி உரிமம்; அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். பணத்தைத் தனி ஆளின் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். வண்டியையும் கேளுங்கள். பயணிகளை ஏற்றும் உரிமம் இல்லாத வேனில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவது பெரும்பாடு.

பணம் போய்விட்டால் சும்மா இருக்காதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஈப்போ அருகே இருக்கும் கெல்லி கோட்டையில் பேய் இருக்கிறதா? – வாசகி, ரவாங்

பதில்: பேயை விடுங்கள் அம்மா. அந்த மாளிகையைக் கட்ட வந்தவர்களில் பலர் சென்னை மாகாணத்துத் தொழிலாளர்கள். நோய் பரவி அவர்களில் பலர் இறந்தார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் மாளிகையின் சொந்தக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் அருகிலேயே மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியாமலே நின்றது. பெரும்பாலான பஸ்கள் மாளிகையோடு திரும்பிவிடுகின்றன. கோயிலுக்கும் போக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதன் உச்சியில் சாமி சிலைகளுக்கு நடுவே கெல்லியின் உருவமும் நிற்கிறது.

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். சோழர் கோயில்களைப் பார்க்கத் தமிழ்நாடு போக வேண்டும். இங்கிருந்து செல்லும் குழுக்கள் ஒன்பது நாளில் முப்பது கோயில் என்கின்றன. குறைந்த செலவில் வேறு வழி உண்டா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உண்டு. விமான டிக்கெட்டைத் தனியாகவும், அங்குள்ள பயணத்தைத் தனியாகவும் ஏற்பாடு செய்யுங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. சென்னையில் இறங்குவதாக இருந்தால், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்கிருந்து பல நாள் பஸ் சுற்றுலாக்களை நடத்துகிறது.

இங்கே போடும் திட்டங்களில் பலவற்றில் மறந்துவிடுவது நடை சாத்தும் நேரம். தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரும்பாலும் நண்பகல் வாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். ஆகவே ஒரு நாளில் உருப்படியாகப் பார்க்கக்கூடியவை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒன்பது நாளில் முப்பது என்பது, வாசலைத் தொட்டுவிட்டு ஓடுவது. இடைப்பட்ட மதியத்தில் உங்களைப் பட்டுக்கடையிலும் பித்தளைக் கடையிலும் இறக்கிவிடுவார்கள். கட்டணம் குறைவாக இருப்பதற்குச் சில வேளைகளில் அந்தக் கடைகளின் தரகும் காரணம்.

கும்பகோணத்தில் மூன்று இரவு தங்குங்கள். தாராசுரம் சில கிலோமீட்டரில். கங்கைகொண்ட சோழபுரம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகளில்தான் ராஜேந்திரன் கொண்ட ஊர்களின் வரிசையில் நம் கடாரத்தின் பெயரும் வருகிறது. எழுத்தை வாசித்துக் காட்டக்கூடிய ஆளை முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். சும்மா சுற்றிக்காட்டுபவருக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள். காரை நாள் வாடகைக்கு எடுக்கும்போது கிலோமீட்டர் வரம்பு, ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம் மூன்றும் சேர்ந்த தொகையா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.