பழைய டிராக்டர் வாங்குமுன்: பட்டறைக்காரரிடம் சில கேள்விகள்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற வழியில் இருபத்திரண்டு வருடமாக டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். பொய்கைச் சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டு, மடியைத் தடவிப் பார்த்து வாங்குகிற நம் ஆட்கள், டிராக்டர் என்றால் மட்டும் பெயிண்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் நீட்டிவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, 2014 மாடல் வண்டி பார்த்திருக்கிறேன். மீட்டரில் 2,900 மணி நேரம்தான் காட்டுகிறது. நம்பலாமா? (அணைக்கட்டு)

மீட்டரை விடுங்கள் தம்பி. பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது கேபிளில் ஓடுகிற மீட்டர். கேபிள் அறுந்தால் அறுந்த அன்றோடு நின்றுவிடும். புதுசு மாற்றினால் பூஜ்யத்திலிருந்து ஏறும். ஒழுங்காக ஓடுகிற மீட்டரே ஆனாலும், இன்ஜின் அதற்கென்று வைத்த வேகத்தில் சுற்றினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி ஏறும். மெதுவாக ஓட்டினால் குறைத்துத்தான் காட்டும்.

நான் முதலில் பார்ப்பது கிளட்ச் மிதி. 2,900 மணி ஓடிய வண்டியில் மிதியின் வரிகள் கொஞ்சமாவது இருக்கும். வழவழவென்று தேய்ந்து ஓரம் பளபளத்தால் கணக்கு வேறு. அடுத்தது பின்னால் டிரெய்லர் மாட்டுகிற கொக்கி. அதன் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்கு இழுத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். இழுத்திருந்தால் அது வருடக்கணக்கில் லோடு அடித்த வண்டி.

செங்கல் சூளையில் ஓடினது, சேடை (நெல் நடவுக்குச் சேற்று உழவு) ஓட்டினது, ரெண்டில் எது பரவாயில்லை? (கே.வி.குப்பம்)

என்னைக் கேட்டால் ரெண்டும் வேண்டாம். மானாவாரியில் மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறவர் வைத்திருந்த வண்டி கிடைக்குமா என்று பாருங்கள். அந்த மாதிரிப் புன்செய்க் கொல்லையில் வருடத்துக்குச் சில வாரம்தான் அதற்கு வேலை இருக்கும்.

ரெண்டில் ஒன்றுதான் என்றால், சூளை வண்டியில் கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் அடிவாங்கியிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது மேட்டில் ஏற்றி, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் வாருங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே தேய்மானம். சேடை வண்டியில் சேறு போகிற இடமெல்லாம் வம்பு. பின் ஆக்சில் ஓரத்தில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கும், ரிம் உள்பக்கம் துரு தின்றிருக்கும். கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டி ஆழக் கழனியில் பல வருடம் ஓட்டியிருந்தால் சீல், பேரிங், பிரேக் என்று வரிசையாகச் செலவு வைக்கும்.

இன்னொன்று. பாலாற்று ஓரத்து ஊர்களில் வாங்குகிறவர்கள், மணல் வழக்கில் வண்டி எப்போதாவது பிடிபட்டதா என்று அந்த ஊர்க்காரர் நாலு பேரிடம் விசாரியுங்கள். விற்கிறவர் தானாகச் சொல்ல மாட்டார்.

இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? (ஆற்காடு)

காலையில் சொல்லாமல் போங்கள். போனவுடன் பேச்சுக்கு முன்னால் இன்ஜின் மேல் கை வையுங்கள். சில வருடத்துக்கு முன்னால் ஒடுகத்தூர் பக்கம் நானே எனக்காக ஒரு வண்டி பார்க்கப் போனேன். காலை ஏழு மணி, நல்ல பனி. கை வைத்தால் இளஞ்சூடு. "இப்பத்தான் மாட்டுக்கு வைக்கோல் எடுத்துட்டு வந்தோம்" என்றார். மாட்டுக் கொட்டகையில் புது வைக்கோலைக் காணோம். அப்படியும் வண்டி பளிச்சென்று இருந்ததால் மனசு கேட்காமல் வாங்கிவிட்டேன். மறுநாள் என் பட்டறையில் ஜில்லென்று இருந்த இன்ஜினை முடுக்கினால் பத்து நிமிடம் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனபோது வந்தது நீலப் புகை. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. மெக்கானிக்குக்கே இந்தக் கதி.

புகையைப் படிப்பது ரொம்பக் கஷ்டமில்லை. குளிரில் முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றால் சரி. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டர் கோளாறு, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கருப்பு லோடில் மட்டும் வந்தால் பயப்படாதீர்கள், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே பாதி நேரம் தீரும். வண்டி ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். பீடி குடிக்கிற மாதிரி புகை குபுகுபுவென்று வந்தால் கிளம்பிவிடுங்கள். ஆயில் குச்சியில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலும் அப்படியே. ரேடியேட்டர் மூடியை மட்டும் இன்ஜின் ஆறியபிறகே திறங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

பின்னால் கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக்கையும் மறக்காதீர்கள். மண்ணைப் பொடியாக்குகிற ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அதற்குள் தரையில் உட்கார்ந்திருந்தால் விலையில் பேச வேண்டியது அது. அடியில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

சித்தூர் பக்கம் விலை குறைவு என்கிறார்கள். ஆந்திரா நம்பர் வண்டி வாங்கலாமா? (பொன்னை)

வாங்கலாம். ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வந்த பிறகுதான் முழுப் பணம். "அப்புறம் வாங்கித் தர்றேன்" என்பவரைப் பிறகு பிடிக்கவே முடியாது. பெயர் மாற்ற 29, 30 படிவங்களில் அவர் கையெழுத்து வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கு அவர்கள் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். கடன் கட்டியாயிற்று என்று வாய்ச் சொல்லில் வாங்கிய வண்டியை ஃபைனான்ஸ்காரர் வந்து கழனியிலிருந்து ஓட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு நீங்களே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். டிரெய்லருக்கு ஆர்.சி. தனி, அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஆர்.சி. இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது, மகன் விற்கிறார். (ஆரணி)

முதலில் வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் கொடுத்து அவர் தன் பெயருக்கு மாற்றட்டும். உடன் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சம்மதமா என்று நேரில் கேளுங்கள்.

டயர் புதுசு மாதிரி இருக்கிறது. எந்த வருடத்து டயர் என்று எப்படிப் பார்ப்பது? (சோளிங்கர்)

பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1819 என்றால் 2019-இல் பதினெட்டாவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் ரப்பர் மேடு) உயரமாக இருந்தும் பக்கவாட்டில் வெடிப்பு ஓடினால் வெயிலில் கிடந்த டயர்.

அண்ணா, மூணு ஏக்கர்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் பழைய டிராக்டரும் ரொட்டவேட்டரும் வாங்கலாம் என்கிறார். (பேரணாம்பட்டு)

கணக்குப் போடுவோம் அம்மா. ஏக்கருக்கு ஒரு சால், அதாவது ஒரு முறை, ரொட்டவேட்டர் ஓட்ட ஒன்றேகால் மணி என்று வையுங்கள். மூணு ஏக்கர், ரெண்டு போகம், போகத்துக்கு மூணு சால் என்றால் வருடத்துக்கு 22 மணி, 23 மணி நேரம். அதற்காக ஒரு டிராக்டரை வீட்டில் கட்டிப்போட்டுத் தீனி போட வேண்டுமா? வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு வண்டி அனுப்புகிறது, உழவன் செயலியில் பதியலாம். அக்கம்பக்கத்தாருக்கும் ஓட்டிச் சம்பாதிக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அப்போதும் ரொட்டவேட்டரில் கத்தியைப் பார்த்து விலை பேசாதீர்கள், கத்தி மாற்றிக்கொள்ளலாம். ரோட்டரைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆடினால் பேரிங் போயிருக்கிறது. கியர்பாக்ஸில் வெல்டிங் ஒட்டு இருந்தால் தொடாதீர்கள். உங்கள் பக்கம் கல்லுக் கொல்லை வேறு. அங்கே ஒன்பது கொழுக் கலப்பையே போதும், ரொட்டவேட்டர் கத்தி சீசனுக்குள் முறியும்.

வண்டி பார்க்க உங்களைக் கூப்பிட்டால் எவ்வளவு? (லத்தேரி)

பெட்ரோலும் ஒரு நாள் கூலியும். எந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனாலும் கூலியைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் கூட்டிப் போனால், அங்கே விற்கிறவர் கொடுப்பார்.