வேலி பிரிந்தால்தான் குப்பை அள்ளலாம்

வணக்கம் அண்ணை,

நரம்புக்கும் ஒரு வேலி உண்டு, காயம் பட்டால் அது பிரிந்துபோகும் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. வேலிக்குத் தகரம் அடிக்கும்போது தம்பிக்கு முழங்கைக்குக் கீழே வெட்டி நரம்பு அறுந்துவிட்டது. தைத்து மூன்று மாதம். சின்னவிரலும் மோதிரவிரலும் இன்னும் விறைப்புத்தான். அந்த வேலியை உடனே அடைக்க மருந்து இல்லையா? உடம்பு ஏன் அதைப் பிரிய விடுகிறது?

வாசகி, சுன்னாகம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நித்திரையைக் கெடுத்தது என் எழுத்துத்தான். பிரிந்துபோகும் என்று சொல்லி அதோடு நிறுத்தியது பிழை.

தகரத்தை விடுங்கள், பழைய கிடுகு வேலியை நினையுங்கள். கதியால் நிற்கும், கிடுகு இருக்கும், ஆனால் கட்டு இறுகாவிட்டால் கோழி பூந்துவிடும். நரம்பிலும் கட்டுத்தான் விஷயம். நரம்பிழைகளைக் கற்றையாகச் சுற்றியிருக்கும் உறை ஒரு வேலி. உள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் இன்னொரு வேலி. இரத்தத்திலும் வெளியிலும் இருக்கிற கண்டகண்டது நரம்பிழைகளிடம் பூராமல் தடுப்பது இவைதான். இரண்டிலும் செல்லையும் செல்லையும் சேர்த்துக் கட்டுவது சில புரதங்கள். முக்கியமானது குளோடின். 1998இல் ஜப்பானில் கண்டுபிடித்தவர்கள், 'மூடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார்கள். உறையில் குளோடின்-1, குழாய்ச் சுவரில் குளோடின்-5.

நரம்பு காயப்பட்டதும் இந்தக் கட்டுகள் தளர்கின்றன. எலிகளில் பார்த்தால், குளோடின் செய்யச் சொல்லி மரபணுவிலிருந்து போகும் செய்தியே குறைந்துவிடுகிறது. அதாவது பழைய கயிறு இற்றுப்போகிற நேரத்தில் புதுக்கயிறு திரிப்பதும் நிற்கிறது. போதாததற்கு, செல்களைச் சுற்றியுள்ள பின்னலை அரிக்கும் நொதிகளும் சுரக்கின்றன. தம்பிக்கு வெட்டியது ஓரிடம்தான், ஆனால் வேலி தளர்வது அதற்குக் கீழே விரல்ப் பக்கம் நெடுகவும்.

ஏன் என்றால், அந்தக் கீழ்ப்பகுதி முழுக்க இப்போது குப்பை. அறுந்த நரம்பிழையின் மறுபாதி, தனக்கு நேரடிக் காயம் இல்லாவிட்டாலும் சிதைந்துபோகும். ஆங்கிலேய விஞ்ஞானி ஒகஸ்டஸ் வாலர் 1850இல் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிக் காட்டிய விஷயம் இது. இழையைச் சுற்றியிருந்த மைலின் என்ற கொழுப்பு உறையும் துண்டுதுண்டாகக் கிடக்கும். அது கிடக்கும்வரை புது இழை வளரத் தடைதான். அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து வரவேண்டும்: பெருவிழுங்கிச் செல்கள், கூடவே குப்பையில் ஒட்டி அடையாளம் காட்டும் எதிர்ப்புரதங்கள். எதிர்ப்புரதம் இல்லாத எலிகளில் மைலின் அள்ளுவது மெதுவாகவே நடந்தது. மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் வேலி வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றித்தான் திறக்கும். அங்கே குப்பை மாதக்கணக்கில் கிடக்கும், இழையும் சரியாக வளராது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று.

ஆகவே அன்றைக்கே வேலியை அடைத்திருந்தால், குப்பை அள்ள வருகிறவனை வெளியே விட்டுப் படலையைப் பூட்டிய கதைதான். பிரச்சினை, நெடுநாள் திறந்தே கிடந்தால் வரும். இரத்தத்திலிருந்து கசியும் ஃபைபிரின் (இரத்தத்தை உறையவைக்கும் நார்ப்புரதம்) தங்கிவிட்டால் மைலின் மறுபடி உருவாவது தாமதமாகும், வீக்கமும் நோவும் நீளும். அப்புறம் அடைக்கும் மருந்து பற்றி: ஆராய்ச்சி எலிகளோடு நிற்கிறது. நரம்பு வேலி அடைக்கிறோம் என்று யாராவது மாத்திரை விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் விறைப்பு மாறாதது எதிர்பார்த்ததுதான். இழை வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். முழங்கைக்குக் கீழிருந்து சின்னவிரல் நுனி ஒரு முழம் மட்டில். கணக்குப் பாருங்கள், ஒரு வருசத்துக்கும் மேல் ஆகலாம். அடுத்த கிளினிக்கில் டொக்டர் நரம்பு வழியே விரலால் தட்டிப் பார்ப்பார். கரண்ட் அடித்தமாதிரிச் சுண்டுகிற இடத்தில் பேனையால் புள்ளி வைத்து, மணிக்கட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் இழை வந்துகொண்டிருக்கிறது. இறங்காமல் நின்றால் அவரிடம் கேளுங்கள்.

அதுவரை தேத்தண்ணிக் கேத்தலை அந்தக் கையால் தூக்க விடாதீர்கள். சுட்டாலும் அவனுக்குத் தெரியாது.